அசையும் பூமி ஓர் அருள்

 

ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு சூறத்துல் ஙாஷியாவில் அல்லாஹ் நம்மை அழைக்கின்றான். அவ்வழைப்பை ஏற்று, நாம் வாழும் பூமியை அதன் அயல் உலகங்களுடன் ஒப்பிட்டுச் சற்றுச் சிந்திப்போமாக.

கோள்களின் மேற்பரப்பை நான்கு செயல்கள் உருவாக்குகின்றன என்பர் அறிஞர். விண்கற்களின் மோதல், எரிமலை, மேலோட்டின் அசைவு, காற்றும் நீரும் பனியும் செய்யும் அரிப்பு என்பனவே அவை.

சந்திரனில் வீசும் காற்றுமில்லை, ஓடும் நீருமில்லை. ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மோதலின் வடுவில் எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்தது. அது இன்றும் வெறுங்கண்ணுக்குக் கருந்திட்டாகத் தெரிகின்றது. செவ்வாயின் ஒலிம்பஸ் எரிமலை ஏறத்தாழ 22 கிலோமீற்றர் உயரமானது. அங்கு மேலோடு நகராமையால், குழம்பு நெடுங்காலம் ஒரே இடத்தில் குவிந்தது.

நமது பூமியின் மேலோடோ பல தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கின்றது. இமயம் உயர்ந்தது அதனாலேயே. எரிமலைகள் வெளிவிடும் காபனீரொட்சைட்டை மழையும் பாறையும் பிணைத்துக் கடலடியில் சேர்க்கின்றன. அமிழும் தட்டுகள் அதனை மீண்டும் ஆழத்திற்குக் கொண்டு செல்கின்றன. பூமியின் வெப்பம் உயிர்களுக்கு ஏற்றதாக நிலைபெற இச்சுழற்சி பெருந்துணை புரிகின்றது.

அதே அசைவுதான் 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியை உயர்த்தியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

மரணித்தோர் பாவிகள் என்று தீர்ப்புரைத்தோரும் உளர். நேயர்களே, அத்தீர்ப்பை வழங்க நாம் யார்? தொட்டிற் குழந்தை செய்த பாவம் யாது? நீரில் மூழ்கி மரணிப்போரை ஷஹீத்களுள் ஒருவராக நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்களே! அசையாத பூமியை விரும்புவோர், உயிரற்ற சந்திரனையே விரும்புகின்றனர். நம்மைச் சுமக்கும் ஏற்பாடே சில வேளை நம்மைச் சோதிக்கவும் செய்கின்றது.

அறிவு ஓர் அமானிதமாகும். கடற்கரையில் வாழ்வோரே! நிலம் கடுமையாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, தாமதியாது மேட்டு நிலத்தை நாடுங்கள். அதனை உங்கள் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். அது தவக்குலுக்கு முரணன்று. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பைச் சாட்டுமாறு நபியவர்கள் கற்பித்தார்கள்.

கடல் கொண்டு சென்ற நம் உறவுகளுக்கு வல்ல அல்லாஹ் மேலான சுவனத்தை அருள்வானாக. ஆமீன்.