பிறர் பொருள் காப்போர்
(சங்க ஆண்டு விழாவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



மைசூரிலிருந்து வரும் பாதை உதகைக்கும் வயநாட்டிற்கும் பிரியும் இக்குண்டலுபேட்டையில், பிழைப்பு நாடி வந்த நம் குடும்பங்கள் ஒன்றுகூடித் தமிழ் விழா எடுப்பதைக் காண உள்ளம் உவகை கொள்கின்றது. “வக்கீல் என்கிறீர்கள், கோர்ட்டுப் படி ஏறுவதில்லை என்கிறார்களே, பிறகு தொழில்தான் என்ன?” என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அதற்கு விடையளிப்பதே என் பேச்சு.

விடையை 1906-ஆம் ஆண்டுச் சென்னையிலிருந்து தொடங்க வேண்டும். அந்நாளில் அர்பத்நாட் கம்பெனி என்றால் அசையாத மலை என்று மக்கள் எண்ணினர். ஓய்வூதியம் பெற்றோரும் விதவைகளும் தம் சேமிப்பை அதன் பெயரை நம்பியே ஒப்படைத்தனர். 1906 அக்டோபர் 22-ஆம் நாள் கம்பெனி முறிந்தது. இலண்டனிலிருந்த பங்காளி துணிவு மிகுந்த முயற்சிகளில் பணத்தை இட்டு இழந்த செய்தி, பணம் போட்டவர்களுக்கு முறிந்த பின்னரே தெரிந்தது. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். போன பணமோ பெரும்பாலும் போனதுதான்.

அப்பொழுது பணம் இழந்தோர் பக்கம் நின்று வழக்காடியவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். வழக்காடியதோடு அவர் அமையவில்லை. நண்பர்களையும் நகரத்தார் பெருமக்களையும் திரட்டி, 1907-இல் இந்தியன் வங்கி தோன்ற முன்னின்றார். அது பங்குதாரருக்கு இயக்குநர்கள் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட கூட்டுப்பங்கு நிறுவனம். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் திறக்கப்பெற்று, 1969-இல் நாட்டுடைமையான அவ்வங்கி இன்றும் நடைபெறுகின்றது.

என் தொழிலும் அவ்வழியைச் சேர்ந்ததே. இன்று செல்வர்களும் நிறுவனங்களும் தனியார் முதலீட்டு நிதிகளில் பணம் இடுகின்றனர். அந்நிதிகள் வளரும் கம்பெனிகளில் பங்கு கொள்கின்றன. இதற்குச் ‘செபி’ வாரியம் 2012-இல் விதி வகுத்தது. பொதுவாக ஒருவர் இடவேண்டிய தொகை குறைந்தது 1 கோடி ரூபாய். நிதியைத் தொடங்குவோர் தம் சொந்தப் பணத்தையும் அதில் வைத்திருக்க வேண்டும். நிதியை நடத்துவோரின் தன்னலம் குறுக்கிடும் இடங்களை மறையாது சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை நடைபெற வேண்டும். இவற்றை ஒப்பந்தத்தில் ஓட்டையின்றி எழுதுவதும், இயக்குநர் கூட்டத்தில் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்பதும் என் வேலை.

“கோடிகளின் கதை நமக்கெதற்கு?” என்பீர்கள். என் இளமையில் என் தாயார் ஒரு பெரியவரிடம் சீட்டுக் கட்டினார். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணினார். அப்பெரியவர் தீயவர் அல்லர். சீட்டுப் பணத்தைத் தம் வாணிகத்தில் புரட்டினார், வாணிகம் நொடித்தது. என் தமக்கையின் திருமணம் ஈராண்டு தள்ளிப்போயிற்று. அர்பத்நாட் கம்பெனி முறிந்ததும் எங்கள் வீட்டுச் சீட்டு முறிந்ததும் ஒரே காரணத்தால்தான்: எவரும் கணக்குக் கேட்கவில்லை.

ஆகவே தாய்மார்களே, சீட்டில் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி இது பதிவாகியுள்ளதா? நடத்துபவர் சட்டம் கேட்கும் பிணைத்தொகையைக் கட்டியுள்ளாரா? ஒவ்வொரு தவணைக்கும் ரசீது உண்டா? கேட்டதற்கு ஒருவர் முகம் சுளித்தால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது என்று பொருள்.

நம் சங்கத்திலும் இவ்வழக்கம் நிலைக்கட்டும். ஆண்டுதோறும் பொருளாளர் வரவு செலவைப் படிக்கும்பொழுது எழுந்து கேள்வி கேட்பவரைக் குறை காண்பவர் என்று கருதாதீர்கள். பொருளாளரின் நற்பெயரைக் காப்பவரே அவர். பிறர் பொருளைத் தொடும் கைக்குக் கணக்கே காவல்.