முதல் துப்பாக்கி வாங்குறதுக்கு முன்னாடி

இன்னைக்கு கொஞ்சம் சங்கடமான விஷயம்.

நான் இருக்கிறது டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம். போன வருஷம் எங்க தெருவுல ரெண்டு வீடு தள்ளி, ராத்திரியில கதவை உடைச்சு உள்ளே புகுந்துட்டாங்க. யாருக்கும் அடி படல. ஆனா அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. ஒரு கைத்துப்பாக்கி வாங்கிடலாம்னு முடிவு பண்ணினேன்.

ஊர்ல நான் துப்பாக்கி பார்த்ததெல்லாம் பேங்க் வாசல்ல செக்யூரிட்டி தோள்ல மட்டும்தான். இங்க 21 வயசு ஆனவங்க கடைக்குப் போய், 4473ன்னு ஒரு ஃபார்ம் நிரப்பி, பின்னணிச் சோதனையில ஓகே வந்தா, பல நேரம் அன்னைக்கே கையில வாங்கிட்டு வந்துடலாம். எச்-1பி விசால இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர, ஃபெடரல் சட்டம் உங்களுக்கு அனுமதி கொடுக்கல. எனக்கே கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்த யோசனை.

எதை வாங்குறதுன்னு தெரியாம, வச்சிருக்கிறவங்களைக் கேட்டேன். ஆபீஸ்ல ஒரு பையன், "இருக்கிறதிலேயே சின்னதா வாங்கு, பாக்கெட்ல போட்டுக்கலாம்"னான். ரேஞ்ச்ல சொல்லிக்கொடுக்கிற அம்மா அதைக் கேட்டுச் சிரிச்சாங்க. சின்னதும் லேசானதும்தான் கையில அதிகமா உதைக்குமாம். புதுசா கத்துக்கிறவங்க பயந்து, பயிற்சியையே விட்டுடுவாங்களாம். "வாங்காதே, முதல்ல வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாரு"ன்னாங்க. சுட்டேன். அவங்க சொன்னது நிஜம். நடுத்தர சைஸ் 9 எம்எம் எனக்கு அடங்குச்சு, குட்டித் துப்பாக்கி அடங்கவே இல்ல.

மூணாவதா ஒரு பெரியவர். எங்க டீம்லதான் இருக்கார், நாப்பது வருஷமா வேட்டைக்குப் போறவர். அவர் மாடல் பத்திப் பேசவே இல்ல. ஒரு காலித் துப்பாக்கியை மேஜையில வச்சு, திரும்பத் திரும்ப ஒண்ணையே செய்ய வச்சார். மேகஸினைக் கழட்டினா காலின்னு நினைக்காதே, சேம்பர்ல ஒரு குண்டு இருக்கலாம். இழுத்துப் பாரு, விரலை விட்டும் பாரு. சுடுற வரைக்கும் ட்ரிக்கர் பக்கம் விரல் போகக்கூடாது. அரை மணி நேரம் இதுதான்.

அப்புறம் சாதாரணமா கேட்டார்: "வீட்டுல யார் யார் இருக்காங்க?"

நான், மனைவி, தம்பின்னேன். "எல்லாரும் நல்லா இருக்காங்களா?"ன்னார்.

எனக்குப் பதில் வரல. தம்பிக்கு வேலை போய் அஞ்சு மாசம். ரூமை விட்டு வெளியே வர்றதில்ல, சரியா சாப்பிடுறதில்ல. நான் இதை ஊர்ல அம்மாகிட்டகூட சொல்லல.

அவர் புரிஞ்சுக்கிட்டார். ஒரு மோசமான வருஷத்துல தன்னோட துப்பாக்கி எல்லாத்தையும் அண்ணன் வீட்டுல கொடுத்து வச்சதைச் சொன்னார். அமெரிக்காவுல துப்பாக்கியால போற உயிர்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. திருடனை நினைச்சே பயந்துட்டிருந்த எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். மாத்திரை சாப்பிட்டவங்களைப் பல நேரம் காப்பாத்த முடியும், துப்பாக்கியில பெரும்பாலும் ரெண்டாவது சான்ஸ் கிடையாது. லாக்கர்ல பூட்டலாமேன்னேன். "பூட்டலாம். சாவி எங்க இருக்குன்னு வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி தம்பிகிட்ட நேராவே கேட்டேன். "டேய், ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?" ரொம்ப நேரம் தரையையே பார்த்துட்டு இருந்தான்.

"வேண்டாம்ணா. இப்போ வேண்டாம்."

அந்த 'இப்போ'வைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. அவன்கூட விடிய விடியப் பேசினேன். மறுநாள் டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம். கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல யாருக்காவது தேவைப்பட்டா, அமெரிக்காவுல 988, இந்தியாவுல 14416. எந்த நேரமும் கூப்பிடலாம்.

வாசல் கதவுக்கு மூணு இஞ்ச் ஸ்க்ரூ போட்டோம். ட்ரில்லைப் பிடிச்சது அவன்தான். ரேஞ்சுக்கு மாசம் ஒரு தடவை பெரியவரோட போறேன், இன்னும் வாடகைத் துப்பாக்கியிலதான் சுடுறேன்.