யார் கையில் கமரா?

(தோட்டக் கிளைகளின் மாதர், இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆவணப்படங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம், லயம், காணி என்று பேச வேண்டிய இடத்தில் படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசை அண்ணன்மார் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பளத்தையும் லயத்தையும் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஆவணப்படத்தில் கதாநாயகன் கிடையாது, சண்டை மாஸ்டர் கிடையாது. உண்மையான ஆட்கள், உண்மையான இடம், நடந்த சம்பவம். ஆனால் கமரா தானாக ஓரிடத்துக்கு வந்து நிற்பதில்லை. யாரோ காசு கொடுக்கிறார்கள், யாரோ தூக்கி வருகிறார்கள், எதைக் காட்டுவது, எதை விடுவது என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரத்தில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அன்று காட்டிய முதல் படம் என்ன தெரியுமா? வேலை முடிந்து தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் தொழிலாளர்கள். ஒரு நிமிஷம்கூட இல்லை. வாசல் திறக்கிறது, பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, சைக்கிளில் ஒருவர் போகிறார், அவ்வளவுதான். அந்தத் தொழிற்சாலை லூமியர் குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்தக் காட்சியை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடுத்திருக்கிறார்கள், மூன்று விதமான பிரதிகள் இன்றும் இருக்கின்றன. அதாவது, சினிமாவின் தொடக்கத்திலேயே படத்தில் வந்தவர்கள் தொழிலாளர்கள், படம் எடுத்தவர்கள் முதலாளிகள். அந்தப் பெண்களுக்கு எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி என்பது படத்தில் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1934இல் "சிலோனின் பாடல்" என்று ஒரு படம் வந்தது. இயக்கியவர் பாசில் ரைட், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். இருவரும் பிரித்தானியர்கள். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து பகுதிகளை, கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் படத்தின் குரலாக வாசிக்கிறார். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. இன்றும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதைப் பாடமாகக் காட்டுகிறார்கள். பொய் சொல்ல மாட்டேன், பார்க்க மிக அழகான படம். மலை, மழை, பெரஹரா, நடனம் எல்லாம் கண்ணுக்குள் நிற்கும்.

அந்தப் படத்தின் மூன்றாம் பகுதிக்கு "வணிகத்தின் குரல்கள்" என்று பெயர். யானை ஒன்று மரத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அந்தக் காட்சிகளின் மேல் என்ன சத்தம் கேட்கிறது? லண்டன் சந்தை விலை, கப்பல் விபரம், கடிதம் சொல்லி எழுதுவிக்கும் குரல்கள். கொழுந்து எடுக்கும் கை நமது, வாய் அவர்களுடையது. எடுத்தவர் இதைத் தெரிந்தேதான் செய்தார், வணிகத்தைக் குத்திக்காட்டினார் என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், பணம் கொடுத்த சபைக்கு ஒரு நட்டமும் வரவில்லை, அந்த அக்காமாரில் ஒருவரும் தன் பெயரைச் சொல்லவில்லை. படம் வந்து ஆறு வருஷத்துக்குள், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுப் போராட்டம் நடந்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். "சிலோனின் பாடலில்" கேட்காத குரல் அங்கேதான் கேட்டது.

அடுத்த படம் வேறு மாதிரி. 1973இல் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி "ஒரு கோப்பைத் தேநீரின் விலை" என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அப்போது நம் தோட்டங்கள் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் பிரித்தானியக் கொம்பனிகள். லயத்துக் காம்பரா, பட்டினி, நோஞ்சான் பிள்ளைகள் எல்லாம் லண்டன் வீட்டு வரவேற்பறைக்குள் போய் இறங்கின. காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதிர்ந்து போனார்கள். அந்த நாட்டில் கொம்பனிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இதனால் தோட்டங்கள் அரசுடைமையாயின என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்வது சரியல்ல. 1975இல் கொம்பனித் தோட்டங்களை அரசு எடுத்ததற்கு இந்த நாட்டு அரசியல் காரணங்கள் இருந்தன. எடுத்த பிறகும் நம் வயிறு நிறைந்ததா? எழுபதுகளின் பஞ்சத்தை நம் பாட்டிமாரிடம் கேளுங்கள், சொல்வார்கள். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தபோது, நம் ஆட்கள்தான் திரண்டு மறித்தார்கள். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். ஒரு படம் ஊரை உலுக்கலாம். உலுக்கிய பிறகு பிடித்து நிறுத்த ஆட்கள் ஒன்றுசேர்ந்து நிற்க வேண்டும். அது படத்தின் வேலையல்ல, நம் வேலை.

எனக்கு மிகவும் பிடித்த படத்துக்கு இப்போது வருகிறேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹார்லன் என்று ஒரு மலைப் பிரதேசம். தேயிலை இல்லை, நிலக்கரிச் சுரங்கம். கொம்பனி கொடுத்த சின்ன வீடுகள், பல வீட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது, தகரத் தொட்டியில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். லயம்போல் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். 1973இல் புரூக்சைட் சுரங்கத்துத் தொழிலாளர்கள், சங்க ஒப்பந்தம் வேண்டும் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது. பார்பரா கொப்பிள் என்ற இளம்பெண் கமராவோடு அந்தக் குடும்பங்களோடு தங்கிப் படம் எடுத்தார். "ஹார்லன் கவுண்டி, அமெரிக்கா" என்ற அந்தப் படம் 1976இல் வெளிவந்து, அடுத்த வருஷம் ஒஸ்கார் விருது வாங்கியது.

அதில் மறக்க முடியாதவர்கள் சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமார். புருஷன்மார் மறியலில் நிற்க நீதிமன்றம் ஆட்கணக்கை மட்டுப்படுத்தியதும், பெண்கள் விடியற்காலை இருட்டில் தடியோடு வந்து ரோட்டை மறிக்கிறார்கள். கூட்டம் கூடித் தங்களுக்குள் சண்டையும் போடுகிறார்கள், பழைய குடும்ப வம்பைக்கூட இழுக்கிறார்கள். நம் மாதர் கூட்டத்தைப் பார்த்த மாதிரியே இருக்கும். (சிரிக்காதீர்கள், பாராட்டித்தான் சொல்கிறேன்.) கொம்பனி ஆட்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள், படக்குழுவையும் அடிக்கிறார்கள். கமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஓர் இளந்தொழிலாளி சுடப்பட்டு இறந்த பிறகுதான் கொம்பனி ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தது.

இன்னொரு காட்சி. தொழிலாளர்கள் நியூயோர்க் பங்குச் சந்தை வாசலுக்கே போய் மறியல் செய்கிறார்கள். காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரர் ஒருவர் ஒரு தொழிலாளியோடு பேச்சுக் கொடுக்கிறார். மணிக்கு எவ்வளவு சம்பளம், வைத்தியச் செலவு யார் கொடுப்பார்கள், பல் வைத்தியம் உண்டா என்று கேட்கிறார். தனக்கு இதெல்லாம் உண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, தொழிலாளி கேட்டுக்கொண்டே நிற்கிறார். விளக்கவுரை ஒரு வார்த்தை இல்லை. நான் பத்து வகுப்பு எடுத்தாலும் இதைப்போல் புரிய வைக்க முடியாது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். அவர்களும் கொழுந்து எடுப்பவர்கள்தான். கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லியும் 1999 ஜூலை 23ஆம் திகதி ஊர்வலமாகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார்கள். பொலிஸ் தடியடி நடத்தி விரட்டியதில் ஜனங்கள் தாமிரபரணி ஆற்றில் விழுந்தார்கள். பதினேழு பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தையும் அதில். தாங்களாக ஆற்றில் இறங்கி மூழ்கினார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த "நதியின் மரணம்" என்ற ஆவணப்படத்தில், ஆற்றுக்குள் இறங்கியவர்களையும் விட்டுவைக்காமல் துரத்துவதைப் பார்க்கலாம். அந்தக் காட்சிகள் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வரலாறாகியிருக்கும். அந்தத் தோட்டத்து ஜனங்களை, விருப்ப ஓய்வு என்ற பெயரில் 2024இல் மலையை விட்டு இறங்கச் சொன்னது கொம்பனி. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் வீட்டுக்கு உறுதி இல்லாதவன் கதி அதுதான், நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது நம் விஷயம். முன்பு கமராவுக்குக் கொம்பனியோ தொலைக்காட்சி நிலையமோ வேண்டியிருந்தது. இன்று இந்த மண்டபத்தில் மட்டும் நாற்பது கமரா இருக்கிறது, பாதி இப்போது என்னையே எடுத்துக்கொண்டிருக்கிறது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி ஆயிரம் ரூபா கேட்டுக் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்கள், போனில்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் நம் போனில் நிறைந்திருப்பது என்ன? தலைவருக்கு மாலை போடும் வீடியோ. எல்லாச் சங்கங்களையும் சேர்த்தே சொல்கிறேன். இல்லையென்றால் சுற்றுலாப் பயணி மாதிரிப் பச்சை மலையும் பனிமூட்டமும்.

பிரட்டுக்களத்தை எடுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதை எடுங்கள். பிள்ளைக்காம்பராவை, லயத்துச் சுவரில் விழுந்த வெடிப்பை எடுங்கள். வெடிப்பை ஒரு தடவை எடுத்தால் போதாது, ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுக்க வேண்டும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களோடு ஆட்களும் புதைந்து போனார்கள். மலை அசைவதற்கு நம்மிடம் திகதியோடு சாட்சி இருக்க வேண்டும்.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது. பசித்த பிள்ளையின் முகத்தைப் பெரிதாகக் காட்டி இரக்கம் வாங்க வேண்டாம், அந்தப் பிள்ளை நாளை என் வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார வேண்டும். பேசுகிறவரை இடையில் மறிக்காதீர்கள், நீங்கள் நினைத்ததை அவர் வாயில் திணிக்காதீர்கள். எடுத்ததை வெளியே போடுமுன் அவருக்கே போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேலை நேரத்தில் எடுத்தால் துரைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். பேசிய அக்காவுக்கு அடுத்த நாள் பேர் போடாமல் விட்டால் சங்கம் என்ன செய்யும் என்பதை, எடுக்குமுன்பே கிளையில் பேசித் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இல்லாமல் முகத்தைக் காட்டும் படம் எடுக்க நான் உடன்பட மாட்டேன்.

இன்னொன்று அவசரம். டெவனில் அன்று நின்றவர்களில் இருபது வயது இளைஞராக இருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிய உறவுகளைத் தலைமன்னாருக்கு வழியனுப்பிய அம்மாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாதி நாம் கேட்காமலே மண்ணுக்குள் போய்விட்டது. அழகாக எடுக்கத் தெரிய வேண்டியதில்லை. வெளிச்சம் முகத்தில் படும்படி வாசலில் உட்கார வையுங்கள், ரேடியோவை நிறுத்துங்கள், பெயர், தோட்டம், டிவிசன், திகதியை முதலிலேயே சொல்ல வையுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். வெட்டாத முழுப் பிரதி ஒன்று கிளைக் காரியாலயத்தில், இன்னொன்று வேறு வீட்டில் இருக்கட்டும். போன் தண்ணீரில் விழுந்தால் சரித்திரமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த மாதம் சம்பள வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு வாசிகசாலையில் ஹார்லன் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டுகிறோம். படம் ஆங்கிலத்தில், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். மின்சாரம் போனால் அதற்கடுத்த ஞாயிறு. வருகிறவர்கள் தங்கள் லயத்தில் மூத்தவர் ஒருவரோடு கால் மணித்தியாலம் பேசி எடுத்ததைப் போனில் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வரலாம், தேத்தண்ணி மாதர் கிளை தருகிறது.