விடுதிப் பந்தி
(மாணவர் கூட்டமொன்றில் பேசியது)



மாணவர் விடுதியைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். விடுதி என்றதும் நமக்கு ஞாபகம் வரவேண்டியது சேரன்மாதேவி. 1922-ல் வ.வெ.சு. அய்யர் அங்கே ஒரு குருகுலம் ஆரம்பித்தார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாயைக் கொடுத்தும் விட்டது. பணம் எல்லா ஜாதியாருடைய பணம். சாப்பாட்டில் மாத்திரம் பார்ப்பனப் பிள்ளைக்கு ஒரு இடம், மற்றப் பிள்ளைகளுக்கு வேறு இடம்! பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் தனியே சாப்பிடுவதற்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்கக்கூடியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனைத் தனியே உட்காரவைத்து, "உன் பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டு" என்று தினம் மூன்று வேளை கற்றுக்கொடுத்தால், அவன் எத்தனை பரீட்சை பாஸ் செய்துதான் என்ன?

இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023-ல் பம்பாய் ஐ.ஐ.டி. விடுதியில் சில மேஜைகளை மாமிசம் சாப்பிடாதவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அதை ஆட்சேபித்து அங்கே உட்கார்ந்து மாமிசம் சாப்பிட்டதற்காக 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். மரக்கறி சாப்பிடுவது அவரவர் இஷ்டம். அதில் நமக்கென்ன ஆட்சேபணை? அடுத்தவன் இலையில் இருப்பது தன்னை அசுத்தப்படுத்தும் என்கிற எண்ணத்திற்கு விடுதிப் பணத்தில் மேஜை போடுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

நிற்க. உரிமையை மாத்திரம் பேசி உங்களிடம் கைதட்டல் வாங்கிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. பார்ப்பான் பிறப்பால் மேல் என்றால் கோபம் வருகிறதே, இரண்டு வருஷம் முந்திச் சேர்ந்ததால் நான் மேல் என்று புதுப் பையனை மண்டிபோடச் சொல்லுகிறாயே, அது எந்த மனுதர்மம்? 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொன். நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் இந்த ராகிங்குக்குப் பலியானார். அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். மனிதனை வதைப்பதற்கும் 10,000, மேஜையில் உட்கார்ந்ததற்கும் 10,000! நம் நாட்டுத் தராசின் யோக்கியதை இது.

விடுதியில் கக்கூஸ் கழுவ வருகிறவரை "டேய்" என்று கூப்பிடும் மாணவன், நம் கூட்டத்திற்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருவதைவிட வராமலிருப்பதே மேல்.

கிராமத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாப்பாட்டு வேளை வரை இருந்து பந்தியைப் பாருங்கள். ராகிங் நடந்தால் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். எழுத்தில் புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரித்தாக வேண்டும். விசாரிக்காமல் விட்டால் அவரும் குற்றத்திற்கு உடந்தை என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. எழுதியதற்கு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.