வரிசையில்லாத நூலகம்



மருத்துவம் படிக்கப் போன நாங்கள் அங்கே முதலில் பழகியது வரிசையில் நிற்பதற்குத்தான். உசாத்துணைப் பகுதியில் ஒரு பாடநூலுக்கு இரண்டு பிரதி. கேட்பவர்களோ ஒரு வகுப்பு. மின்னூல் வந்தால் இந்த வரிசை ஒழியும் என்று நம்பினோம். ஒழியவில்லை. பதிப்பாளர்கள் பல்கலைக்கழக நூலகங்களுக்கு மின்னூல் விற்கும் விதம் அப்படி. ஒரே நேரத்தில் ஒருவர் வாசிக்க ஒரு விலை, மூவர் வாசிக்க ஒரு விலை, எல்லோரும் வாசிக்க இன்னும் கூடிய விலை. சில நூல்களை அந்தக் கடைசி வகையில் விற்பதேயில்லை. குறைந்த விலைக்கு வாங்கிய நூலகத்தில், பரீட்சைக்கு முந்திய இரவு இரண்டாவது பிள்ளை திறக்கப் பார்த்தால், வேறொருவர் வாசிக்கிறார் என்று திரை சொல்லும். கடதாசியே இல்லாத புத்தகத்துக்கும் ஒரு பிரதிதானாம்!

பட்டம் பெற்று வெளியேறினால் அந்தக் கடவுச்சொல்லும் போய்விடும். கற்பிட்டியிலோ முந்தலிலோ கடமையேற்கும் இளம் வைத்தியருக்குப் புத்தகம் அதிகம் தேவைப்படுவது அதன் பிறகுதான். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் தொடங்கிய ஹினாரி திட்டம் பெரிய உதவி. ஆனால் அதுவும் பதிவு செய்த நிறுவனத்தின் வழியாகவே கிடைக்கும். எங்கள் நாட்டு ஆய்விதழ்கள் பல இந்த விடயத்தில் தாராளமானவை. 1887 இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜேர்னலை இன்று எவரும் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம்.

தமிழில் அந்தக் கதவைத் திறந்தது நூலகம் நிறுவனம். 2005 இல் தொடங்கிய அதன் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் உண்டு. ஆயிரம் பேர் ஒரே நூலைத் திறந்தாலும் காத்திருக்கச் சொல்லாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்து, எங்கள் பக்கத்தில் அமர்ந்து படித்த தோழியருக்கும் தெரியும். அவர்கள் விட்டுவந்த வீடுகளில் புத்தகங்களும் இருந்தன.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரின் மின்பிரதியை நூலகத்துக்குக் கொடுப்போம். எழுதியவர்களிடம் இப்போதே அனுமதி வாங்கிவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை. எமது பாடசாலையின் பழைய சஞ்சிகைகள் உங்கள் வீட்டு அலுமாரிகளில் இருந்தால், மின்வருடல் செய்வதற்கு ஒரு கிழமை இரவல் தாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.