பள்ளியா, பல்லியா?



நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். புரிந்தால் போதும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் ஓசூரில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, இல்லையென்றால் கன்னடம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய சட்டம் 2006-இல் வந்தது. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் கிடைக்கும் இடமே பள்ளி நோட்டும் போனும்தான்.

பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டினால் போன் பள்ளி, பல்லி இரண்டையும் காட்டும். பையன் முதலில் நிற்பதைத் தொட்டுவிடுகிறான். லகரமா ளகரமா என்று அவன் யோசிக்கவே இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுத் தாள் அப்படிக் காட்டாது, அங்கே பேனாதான்.

போனைப் பிடுங்கச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமில்லை. 1999 சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றிக் கொடுங்கள். ஐபோனில் இருக்கிறது, செல்லினம் செயலியிலும் இருக்கிறது. அதில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. எது என்று பிள்ளைதான் முடிவு செய்தாக வேண்டும்.

கையெழுத்துக்கு வங்கிக்காரன் வழி ஒன்று. காசோலையில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். 1881-ஆம் ஆண்டுச் சட்டம். தினம் ஒரு தொகையை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். முதலில் 7,777. ஏழாயிரத்து எழுநூற்று எழுபத்தேழு: நான்கு ழகரம்! என் பேரன் மூன்றாவதில் தடுக்கினான்.

சனிக்கிழமை மாலை கூடத்தில் இருப்பேன். பிள்ளைகளை நோட்டோடு அனுப்புங்கள். போனும் வரலாம்.