மின்னஞ்சற் கணக்கு: மீட்சியும் காப்பும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் போதிக்கும் தமிழாசிரியன் மின்னஞ்சலைப் பற்றிப் பேசப் புகுந்தது உங்களிற் சிலருக்கு நகையை விளைக்கலாம். பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், பெரியோரின் ஓய்வூதியச் செய்தி, அயல்நாட்டிலுள்ள மக்களின் பிரயாணச் சீட்டு ஆகிய பலவும் இந்நாளில் ஒரு மின்னஞ்சல் முகவரியையே பற்றி நிற்கின்றன. அது கள்வர் கைப்பட்டால் குடும்பமே அல்லலுறும்; ஆதலின் துணிந்தேன்.

மின்னஞ்சற் கணக்கைத் தபாற்பெட்டி போன்றதென்று பலர் எண்ணுகின்றனர். சாவிக்கொத்து என்பதே பொருந்தும். வேறொரு தளத்தில் கடவுச்சொல்லை மறந்தோமென்றால், புதியது அமைக்கும் வழி மின்னஞ்சலுக்கன்றோ வருகின்றது? 2012-ஆம் ஆண்டில் மாட் ஹோனன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளருடைய ஆப்பிள் கணக்கைக் கள்வர் கைப்பற்றினர். அவருடைய ஜீமெயிலுக்கு மீட்பு முகவரியாக அமைந்திருந்தது அவ்வாப்பிள் முகவரியே. அதன் வழியே கூகுள் கணக்கும், அதன் வழியே ட்விட்டர் கணக்கும் போயின. அவருடைய கைபேசி, ஐபேடு, கணினி ஆகிய மூன்றினையும் தொலைவிலிருந்தே அழித்தனர். குழந்தையின் படங்கள் அக்கணினியில் இருந்தன. வேறு படி இல்லை. பின்னர்ப் பொருள் செலவிட்டே பெரும்பாலானவற்றை மீட்டார்.

இதற்கெல்லாம் பெரிய வித்தை வேண்டுமோ எனின், வேண்டா. 2008-இல் அமெரிக்க உப ஜனாதிபதி பதவிக்கு நின்ற சாரா பேலின் அம்மையாரின் யாஹூ கணக்குள் ஒருவன் நுழைந்தான். பிறந்த தேதி, தபாற்குறியீடு, கணவரைச் சந்தித்த இடம் ஆகியவற்றிற்கு விடை கூறியே நுழைந்தான். அவை யாவும் வெளியில் கிடைத்தவை. நாமோ வரன் விளம்பரங்களில் பிறந்த நாள், நட்சத்திரம், பூர்வீக ஊர், படித்த பள்ளி ஆகியவற்றை நாமே அச்சிட்டு வீடுதோறும் அனுப்புகின்றோம்! அச்சிடற்க என்று கூறுகின்றேனல்லேன். அவற்றைக் கடவுச்சொல்லாகவும் இரகசிய வினாவின் விடையாகவும் வைக்கற்க என்றே கூறுகின்றேன்.

கணக்கு பறிபோயிற்றெனின் முதலிற் செய்யவேண்டுவது யாது? நாணி மூடிவைத்தல் நம்மவர் வழக்கம். அஃது கள்வனுக்கே நன்மை. அவன் மீட்பு எண்ணை மாற்றிவிட்டாலும், பழைய எண்ணிற்கே சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் 7 நாள் வரை அளிக்கக்கூடும். மானத்திற்கு அஞ்சி ஒரு வாரம் கழிப்பவர் அவ்வாய்ப்பையும் இழப்பர். ஆகையால் அன்றே, நாடோறும் பயன்படுத்தும் கைபேசியிலோ கணினியிலோ, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்தே, கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தை அடைந்து முயலுங்கள். பழகிய கருவியும் இடமும் உரியவர் நீங்களே என்பதற்குச் சான்றாகும். நினைவிலுள்ள பழைய கடவுச்சொல்லையும் கேட்டால் தயங்காது இடுக. உறவினருக்குத் தொலைபேசியிற் சொல்லிவிடுங்கள்; உங்கள் பெயரால் அவசரப் பணம் கேட்டு அஞ்சல் போயிருக்கக்கூடும். பணம் இழந்திருந்தால் 1930 என்னும் எண்ணிற்கு உடனே தெரிவித்தல் வேண்டும். கட்டணம் பெற்றுக் கணக்கை மீட்டுத் தருவோம் என்று வருவோரை நம்பற்க. அவர் இரண்டாம் திருடர்.

கணக்கு மீண்டதும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்குவோர் பலர். இவ்விடத்தில் சற்றே கூர்ந்து கேட்க வேண்டுகின்றேன். வாயிற் பூட்டை மாற்றினோம். கொல்லைக் கதவை நோக்கினோமோ? ஜீமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங் என்றொரு பகுதி உண்டு. கள்வன் அங்கே தன் முகவரியை எழுதிவைத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் உங்களுக்கு வரும் அஞ்சலின் படி அவனுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். ஃபில்டர் என்பது அதனினும் வஞ்சகமாகப் பயன்படும். பாங்கியிலிருந்து வரும் அஞ்சல்களைக் குப்பையிலிடுக என்று அவன் விதி அமைத்திருந்தால், பாங்கியின் எச்சரிக்கை உங்கள் கண்ணிற் படுவதே இல்லை. நீங்கள் அமைக்காத விதி எதுவாயினும் நீக்கிவிடுக. மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையனவா, உள்நுழைந்திருக்கும் கருவிகளுள் அறியாதது உண்டா, எந்தச் செயலிகளுக்கு அனுமதி தரப்பட்டுள்ளது என்பவற்றையும் பாருங்கள்.

பின்னர் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைத்தல் இன்றியமையாதது. அதற்கெனக் கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு பீரோவில் வைக்கலாம். கைபேசி தொலைந்தாலும் கணக்கு தொலையாது. ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் இடுதல் கூடாது. 2013-இல் யாஹூவில் நிகழ்ந்த களவில் முந்நூறு கோடிக் கணக்குகளும் அகப்பட்டன என்று அந்நிறுவனமே 2017-இல் வெளியிட்டது. ஓரிடத்திற் கசிந்த சொல்லைக் கள்வர் பிற இடங்களிலெல்லாம் இட்டுப் பார்ப்பர்.

கைபேசி கொண்டுவந்திருப்போர் கூட்டம் முடிந்ததும் சற்றுத் தங்குக. நம் இளைஞர் சிலர் ஃபார்வர்டிங், ஃபில்டர், மீட்பு எண் ஆகியவற்றைக் காட்டித் தருவர். கடவுச்சொல்லை மட்டும் நீங்களே இடுங்கள், அவர்களிடமும் சொல்லவேண்டா.